பத்தாம் இலக்க ஊசி முதல் முனை மாற்றும் ஊசி வரை: ஹேவாஹெட்டப் பிள்ளைகள் எழுதும் ஒரு சிறு வரலாறு

எமது பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டையொட்டிக் கல்லூரிக்கு என்ன அன்பளிப்புச் செய்யலாம் என்று செயற்குழு கூடி ஆராய்ந்தபோது கணினி, ஒலிபெருக்கி, தண்ணீர்த் தாங்கி எனப் பல யோசனைகள் வந்தன. ஹேவாஹெட்டப் பக்கத்துப் பிள்ளைகளாகிய நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்று: மனையியல் கூடத்துக்குப் பின்னல் ஊசிகள். சிலர் சிரித்தார்கள். நூறு வருடத்துக்கு ஊசியா என்று கேட்டவர்களும் உண்டு. நாங்கள் ஏன் கேட்டோம், கேட்டதை எப்படித் தெரிவு செய்தோம் என்பதை இம்மலரில் எழுதி வைக்கும்படி தலைவி பணித்தார். எழுத உட்கார்ந்தபோதுதான், ஊசியின் கதையைச் சொல்லப் போனால் எங்கள் மலையின் கதையையும் எங்களோடு படித்துப் பிரிந்தவர்களின் கதையையும் சொல்லாமல் முடியாது என்று கண்டோம்.

முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் காலத்தில் தையற்பாட அறையில் ஒரு வழக்கம் இருந்தது. மார்கழிக் குளிருக்கு முன்னர் ஒவ்வொரு மாணவியும் ஒரு குழந்தைத் தொப்பியும் ஒரு சோடிக் காலுறையும் பின்னிக் கொடுக்க வேண்டும். அவை ஊர்ப்பக்கத்து ஆசுபத்திரிக்கும் தோட்டங்களின் பிள்ளைக் காம்பராக்களுக்கும் போகும். அண்மைக் காலத்தில் அந்த வழக்கம் நின்றுவிட்டது. விசாரித்தபோது, பிள்ளைகளுக்கு மனமில்லாமல் நிற்கவில்லை, ஊசி இல்லாமல்தான் நின்றது என்று தெரிந்தது. அலுமாரியைத் திறந்து பார்த்தோம். சோடி சேராத பதினொரு ஊசிகள் கிடந்தன.

கம்பளி போட்ட மலை

கண்டியிலிருந்து தலாத்துஓயாவைக் கடந்து மேலே ஏறினால் காற்று மாறுவதை உடம்பே சொல்லும். ஹேவாஹெட்ட மலைகளில் விடியற்காலைப் பனி லயத்துக் கூரையில் வெள்ளையாய் நிற்கும். இலங்கையின் முதலாவது வர்த்தகத் தேயிலைத் தோட்டம் எங்கள் மலையிலேதான் உண்டானது. 1852 இல் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அதற்கு இரண்டு வருடங்களின் பின் கோப்பியில் இலைநோய் தோன்றியது. கோப்பி அழிந்த மலைகளில் தேயிலை பரவியது. டெய்லர் 1892 இல் இறந்தபோது தொழிலாளர்களே தோள் மாற்றிச் சுமந்து அவரைக் கண்டிக்குக் கொண்டு சென்றனர். மகியாவ மயானத்தில் அவரது கல்லறை இன்றும் இருக்கிறது. சுமந்தவர்களின் பெயர்களை எந்தக் கல்லும் சொல்வதில்லை.

அந்தத் தொழிலாளர்கள் திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டை போன்ற வெயில் நாட்டுச் சீமைகளிலிருந்து வந்தவர்கள். பருத்தித் துணியோடு வந்தவர்களுக்கு இந்தக் குளிர் புதிது. தோட்டம் அவர்களுக்குக் கம்பளி கொடுத்தது. துரைமாரின் ஆங்கிலத்திலும் அச்சொல் அப்படியே புகுந்துகொண்டது. ஆனால் அது இனாமாகக் கொடுத்ததல்ல. அரிசியைப் போலவே கம்பளியின் விலையும் பற்று எழுதப்பட்டுக் கூலியிலிருந்து கழிக்கப்பட்டது. அரிசிக் கடன், கம்பளிக் கடன், பயணக் கடன் எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பத்தைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டன. கடன் தொகையை எழுதி ஆட்களைக் கைமாற்றும் துண்டு முறை 1921 இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எங்கள் பாட்டிமார் தலையில் கம்பளியைக் கொங்காணியாய்ப் போட்டு, இடுப்பில் படங்கைச் சுற்றி, கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு மலையேறியவர்கள். பெரியவர்களுக்குக் கம்பளி இருந்தது. பிள்ளைக் காம்பராவில் ஏணையில் கிடந்த பச்சைப்பிள்ளைக்கு அம்மாவின் பழைய சேலைத்துண்டே போர்வை.

பின்னலைக் கற்ற முதல் தலைமுறை நாங்கள். எங்கள் அம்மாமாருக்குக் கம்பளி என்றால் கடனுக்கு வந்த கறுப்புப் போர்வை. எங்களுக்குக் கம்பளி என்றால் கையில் உருளும் நூலுருண்டை. டீச்சர் கற்றுத் தந்த முதல் தொப்பியை விடுமுறைக்கு வீட்டுக்குக் கொண்டு போனபோது, எங்களில் ஒருத்தியின் அம்மா அதைத் தன் கையில் மாட்டிப் பார்த்து, "இதுக்குப் பேர்ல புடிச்சுக்குவாங்களா?" என்று கேட்டாராம். பற்று எழுதாமல் வீட்டுக்கு வந்த முதல் கம்பளி அது. அந்தக் கேள்விக்காகவே இந்த வழக்கம் தொடர வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

இலக்கம் கூடினால் தடிப்புக் குறைவது ஏன்?

வகுப்பில் எங்களைக் குழப்பிய முதல் விஷயம் ஊசியின் தலையில் இருந்த எண். எட்டாம் இலக்கம் தடித்தது, பத்து அதைவிட மெல்லியது, பன்னிரண்டு இன்னும் மெல்லியது. காரணம் கம்பி இழுக்கும் தொழிலில் இருக்கிறது. நகை செய்யும் பத்தர் துளைகளுள்ள அச்சுத்தகட்டில் பொன்கம்பியை இழுப்பதை நாம் பார்த்திருக்கிறோம். ஒவ்வொரு சிறிய துளையாக எத்தனை தரம் கூடுதலாக இழுக்கிறாரோ அத்தனைக்குக் கம்பி மெலியும். இரும்புக் கம்பிக்கும் அதே முறைதான். ஆகவே இங்கிலாந்தின் கம்பி அளவில் எண் கூடக் கூடத் தடிப்புக் குறையும். பின்னல் ஊசி ஆதியில் வெறும் இரும்புக் கம்பியே என்பதால் கம்பியின் எண்ணே ஊசியின் எண்ணாகவும் நின்றது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்க எண் முறை எதிர்த்திசையில் போகும். அங்கே எண் கூடினால் ஊசி தடிக்கும். இங்கிலாந்தின் 8 என்பது 4 மில்லிமீற்றர். அமெரிக்காவின் 8 என்பது 5 மில்லிமீற்றர். இங்கிலாந்தின் 6 என்பது 5 மில்லிமீற்றர். அமெரிக்காவின் 6 என்பது 4 மில்லிமீற்றர். இரண்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. வெளிநாட்டிலிருக்கும் எங்கள் தோழி ஒருத்தி அமெரிக்கப் புத்தகத்தைப் பார்த்து எட்டாம் இலக்கத்தில் பின்னிய குழந்தைச் சட்டை கனகச்சிதமாக வந்தது. அதே புத்தகத்தை இங்கே வைத்து எங்கள் பழைய எட்டாம் இலக்க ஊசியால் பின்னியது பொம்மைக்குத்தான் உதவியது. 1970 களில் இங்கிலாந்தும் மில்லிமீற்றருக்கு மாறியது. இன்று ஊசி வாங்குவோர் எண்ணை மறந்து மில்லிமீற்றரை மட்டும் பார்ப்பதே நல்லது. பழைய குறிப்புப் புத்தகம் வைத்திருப்போருக்காக எழுதுகிறோம்: 8 ஆம் இலக்கம் 4 மில்லிமீற்றர், 10 ஆம் இலக்கம் 3.25, 12 ஆம் இலக்கம் 2.75, 14 ஆம் இலக்கம் 2.

எமது அலுமாரியில் இருந்த ஊசிகள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வந்தவை. பேர்மிங்ஹாமுக்கு அருகிலுள்ள ரெடிச், ஸ்டட்லி என்ற ஊர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகுக்கே ஊசி செய்து அனுப்பிய ஊர்கள். ஹேவாஹெட்டத் தேயிலை கப்பலேறிப் போனது. ரெடிச் ஊசி கப்பலேறி வந்தது.

சைக்கிள் கம்பிக் காலம்

1970 முதல் 1977 வரையான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் படித்தவர்களுக்கு மற்றொரு ஊசி தெரியும். பாணுக்கே வரிசையில் நின்ற காலத்தில் கம்பளி நூலும் பின்னல் ஊசியும் எங்கே கிடைக்கும்? பழுதாய்ப்போன சைக்கிள் சில்லின் கம்பியை வெட்டி, நுனியைக் கருங்கல்லில் தேய்த்து, மறுநுனியில் உடைந்த பொத்தானையோ றப்பர்த் துண்டையோ செருகிக்கொண்டோம். சாதாரண சைக்கிள் கம்பியின் தடிப்பு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர். கம்பி அளவிலும் பின்னல் ஊசி அளவிலும் அது பதினான்காம் இலக்கமே. எங்களுக்கு அன்று அந்தக் கணக்குத் தெரியாது. கையில் இருந்தது சரியான பதினான்காம் இலக்க ஊசி என்பது மட்டும் இன்று தெரிகிறது.

நூலுக்கும் வழி கண்டோம். பழைய சுவீட்டரைத் தையல் பிரித்து, இழை இழையாக உருவி, கதிரை முதுகில் சுற்றிக் கழுவிக் காயவைத்தால் சுருள் நிமிரும். மெல்லிய கம்பியில் தடித்த நூலைப் பின்னியதால் அந்த வருடத்துத் தொப்பிகள் தேங்காய்ச் சிரட்டைபோல விறைப்பாக நின்றன. ஆனாலும் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார்கள். மூங்கில் சிராயைச் சீவி, மண்ணெண்ணெய் விளக்கடியில் இருந்து கண்ணாடித் துண்டால் வழித்து ஊசி செய்தவர்களும் எங்களில் உண்டு. இன்று மூங்கில் ஊசிகள் கண்ணாடிப் பெட்டியில் விலையுயர்ந்த பொருளாக விற்கப்படுவதைப் பார்க்கும்போது எங்களுக்குச் சிரிப்பு வருகிறது.

ஒப்பாரிக் கோச்சியும் கேத்தியும்

1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டது. 525,000 பேரை இந்தியா ஏற்கும், 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும் என்று முடிவாயிற்று. மிஞ்சிய 150,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதிக்குப் பாதியாய்ப் பிரித்துக்கொண்டன. ஊசிக்குக் கண் எண்ணுவதுபோல மனிதரை எண்ணினார்கள். எங்கள் வகுப்பிலும் அந்த எண்ணிக்கை நடந்தது.

தலைமன்னாருக்குப் போகும் புகையிரதத்தை மலையகத்தார் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். எங்கள் வரவு இடாப்பைப் பழைய ஆவணங்களில் தேடிப் பார்த்தோம். தவணைக்குத் தவணை சிவப்பு மையில் ஒரு கோடும், பக்கத்தில் "இந்தியா" என்ற ஒரே சொல்லும். பரீட்சைக்கு முந்திய தவணையிலும் அந்தக் கோடு இருக்கிறது. பாதி பின்னிய தொப்பியோடு ஊசியையும் கொண்டு போனவர்கள் உண்டு. அலுமாரியில் ஊசி சோடி சேராமல் கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று இப்போது நினைக்கிறோம். ஓர் ஊசியைத் தோழி எடுத்துக்கொண்டு மற்றதை இங்கே விட்டுப் போனாள் என்று ஓர் அக்கா கூறுகிறார். அது உண்மையில் நடந்ததா, நாங்கள் பின்னாளில் சேர்த்துக்கொண்ட கதையா என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு.

போனவர்களில் கணிசமானோர் நீலகிரியில் குடியேறினர். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழ்நாடு அரசு 1968 இல் அங்கே தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுவே பின்னர் டான்டீ என்று அழைக்கப்படும் தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. கோத்தகிரி, குன்னூர், கூடலூர் என்று அவர்கள் மறுபடியும் அதே தேயிலையையும் அதே குளிரையும் அடைந்தார்கள். இங்கே இந்தியாக்காரர் என்று அழைக்கப்பட்டவர்களுக்கு அங்கே சிலோன்காரர் என்ற பெயர் கிடைத்தது.

ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவில் கேத்தி என்றோர் ஊர் இருக்கிறது. அங்கே 1949 இல் நீடில் இண்டஸ்ட்ரீஸ் என்ற ஊசித் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. நாம் மேலே சொன்ன ஸ்டட்லி ஊரின் ஊசி நிறுவனமே அதற்குத் தாய் நிறுவனம். அங்கே செய்யப்படும் பின்னல் ஊசி "போனி" என்ற பெயரில் உலகெங்கும் போனது. கப்பல் போக்குவரத்து 1984 இல் நிற்கும் முன்னர் எங்கள் தோழி ஒருத்தி தெரிந்தவர் கையில் ஒரு சோடி சாம்பல் நிற ஊசி கொடுத்தனுப்பினாள். கூடவே ஒரு துண்டுக் கடிதம்: "தினமும் பஸ்ஸில் இந்தக் கம்பெனியைத் தாண்டித்தான் போகிறேன். டீச்சரிடம் சொல்லுங்கள், பத்தாம் இலக்கம் இங்கேயும் பத்தாம் இலக்கம்தான்." அந்தச் சோடி மட்டும் பிரியாமல் எங்களிடம் இருக்கிறது.

நேர் ஊசியிலிருந்து மாற்று ஊசிக்கு

பின்னல் என்றால் இரண்டு நேர் ஊசி என்றே நாங்கள் பழகினோம். வரலாற்றிலோ வட்டமாகப் பின்னுவதும் மிகப் பழையது. எகிப்தில் கிடைத்த பழைய பருத்திக் காலுறைகள் பல நூற்றாண்டுகளுக்கு முந்தியவை. 1400 ஆம் ஆண்டளவில் ஜேர்மனியில் மாஸ்டர் பெர்ட்ராமின் பெயரால் அறியப்படும் ஓவியம் ஒன்றில் மரியாள் நான்கு ஊசிகளைக் கொண்டு தையலில்லாத சட்டையின் கழுத்தைப் பின்னிக்கொண்டிருக்கிறாள்.

நான்கு ஐந்து ஊசிகளைக் கையாளும் சிரமத்தைக் குறைக்க வந்ததுதான் வட்ட ஊசி. இரண்டு குட்டை முனைகளை வளையும் கம்பியொன்று இணைக்கும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது மேற்கு நாடுகளில் பரவியது. ஆதியில் நடுப்பகுதி உலோகக் கம்பி, பின்னர் நைலோன். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த எலிசபெத் ஸிம்மர்மன் என்ற பின்னற்கலை ஆசிரியை தமது நூல்களாலும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளாலும் வட்ட ஊசியைப் பலருக்கு நெருக்கமாக்கினார். ஒன்றை மறக்கக் கூடாது. வட்ட ஊசியால் வட்டமாகத்தான் பின்ன வேண்டும் என்றில்லை. முன்னும் பின்னும் திருப்பி நேர்த்துண்டும் பின்னலாம். உடுப்பின் பாரம் மணிக்கட்டில் விழாமல் மடியில் கிடக்கும். மூட்டு வலியுள்ள எங்கள் வயதினருக்கு அது பெரிய ஆறுதல்.

ஆனால் ஒவ்வொரு தடிப்புக்கும் ஒவ்வொரு நீளத்துக்கும் தனித்தனி வட்ட ஊசி வாங்கினால் அலுமாரி நிறைந்துவிடும். எனவே முனைகளைத் தனியாகவும் இணைக்கும் கேபிளைத் தனியாகவும் செய்து, வேண்டியபோது திருகிப் பூட்டிக்கொள்ளும் முறை வந்தது. ஏழு சோடி முனையும் மூன்று கேபிளும் இருந்தால் இருபத்தொரு வட்ட ஊசியின் வேலை நடக்கும். ஜேர்மனி, சீனா, நேபாளம், இந்தியா என்று பல நாடுகளில் இன்று இவ்வகைப் பெட்டிகள் தயாராகின்றன. ரெடிச் ஊசியைப் பார்த்து வளர்ந்த நமக்கு, பக்கத்து நாட்டிலேயே உயர்தர ஊசி செய்யப்படுவது ஒரு நற்செய்தி.

நாங்கள் தெரிவு செய்த விதம்

மூன்று கூட்டம் கூடினோம். முதற்கூட்டத்தில் எல்லோர் கண்ணையும் பறித்தது வானவில் நிறமாக அடுக்கிய மர முனைகள் கொண்ட ஓர் அழகான பெட்டி. வாங்கிவிடலாம் என்றே முடிவாயிற்று. அப்போது எங்களில் மூத்த அக்கா எழுந்து, "பெட்டியைப் பார்க்காதீங்க பிள்ளைகளே, எதைப் பின்னப் போறோம் என்று முதலில் சொல்லுங்க" என்றார். அந்த ஒரு கேள்விதான் எங்களை வழிநடத்தியது.

எங்கள் வேலை குழந்தைத் தொப்பி. டபிள் நிற்றிங் எனப்படும் நடுத்தரத் தடிப்பு நூலென்றால் விளிம்புக்கு 3.25, உடலுக்கு 4 மில்லிமீற்றர் வேண்டும். அதைவிட மெல்லிய நாலிழை நூலென்றால் 2.75 உம் 3.25 உம். அந்த அழகிய பெட்டியோ 3.5 இல் தொடங்கி 8 இல் முடிந்தது. பெரியவர் சுவீட்டருக்கும் சால்வைக்கும் அது பொருத்தம். எங்களுக்கு வேண்டிய இரண்டு அளவுகள் அதில் இல்லை. வேண்டாத நான்கு அளவுகள் இருந்தன. திருகுமரை வைக்க இடம் வேண்டும் என்பதால் மிக மெல்லிய முனைகள் எல்லாப் பெட்டியிலும் வருவதில்லை என்று அப்போதுதான் அறிந்தோம்.

அடுத்தது நீளம். புதிதாய்ப் பிறந்த பிள்ளையின் தலைச்சுற்று ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர். வட்ட ஊசியில் வழக்கமாய்க் கிடைக்கும் குறுகிய அளவு 40. முப்பத்தைந்தை நாற்பதில் இழுத்துப் பிடிக்க முடியாது. ஆகவே 80 அல்லது 100 சென்ரிமீற்றர்க் கேபிளை எடுத்து, நடுவில் ஒரு வளையமாக வெளியே இழுத்துவிட்டுச் சிறு வட்டம் பின்னும் முறையைக் கையாள வேண்டும். அதற்கு மெதுவான, சுருண்டு அடம்பிடிக்காத கேபிள் அவசியம். பெட்டியில் சுருண்டு கிடந்த கேபிளைச் சற்றே சூடான நீரில் வைத்து எடுத்தால் நிமிரும். நீளத்தைக் குறிப்பதிலும் ஒற்றுமையில்லை. சிலர் முனையையும் சேர்த்து அளக்கிறார்கள், சிலர் கேபிளை மட்டும். கேட்டறிந்தே வாங்க வேண்டும்.

மூன்றாவது, பூட்டு. இங்கேதான் மலிவுப் பொருள் காலை வாரும். எங்களில் ஒருத்தி முன்னர் வாங்கிய ஒரு பெட்டி, பின்னிக்கொண்டிருக்கும்போதே திருகு கழன்று நாற்பது கண்களைத் தரையில் கொட்டியது. நல்ல பெட்டியில் சின்னஞ்சிறு சாவி ஒன்று வரும். கேபிளின் துளையில் அதைச் செருகி இறுக்கினால் பூட்டு அசையாது. பூட்டின் மேல் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் தட்டினால் நூலும் தட்டும். ஒரு நிறுவனத்தின் முனை மற்றொன்றின் கேபிளில் பொருந்தாது. ஒரே நிறுவனத்திலும் மெல்லிய முனைக்கும் தடித்த முனைக்கும் மரை வேறாயிருக்கலாம். ஆகையால் முனையும் கேபிளும் தனித்தனியாகப் பின்னரும் வாங்கக் கிடைக்கும் பெட்டியே பாடசாலைக்கு ஏற்றது. ஒரு முனை தொலைந்தால் பெட்டி முழுவதும் பயனற்றுப் போகக் கூடாதல்லவா?

நான்காவது, எதனால் செய்தது. மரமும் மூங்கிலும் நூலைப் பிடித்து வைக்கும். கண் நழுவாது. பழகுநருக்கு நன்று. ஆனால் மெல்லிய மரமுனை சின்னக் கைகளில் ஒடியும். துருப்பிடிக்காத எஃகு வழுக்கும், வேகமாய் ஓடும், எங்கள் மலையின் ஈரத்துக்கும் அஞ்சாது. 2.75 போன்ற மெல்லிய அளவுகளுக்கு எஃகே பாதுகாப்பு என்று முடிவு செய்தோம்.

கடைசிக் கேள்வியை ஓர் இளைய ஆசிரியை கேட்டார். "முப்பது பிள்ளைகளுக்கு ஒரு பெட்டியா? எல்லாரும் ஒரே நாளில் 4 மில்லிமீற்றர் கேட்டால்?" எங்கள் கணக்கின் ஓட்டை அங்கே தெரிந்தது. பெட்டி எவ்வளவு கெட்டிக்காரப் பெட்டியானாலும் 4 மில்லிமீற்றர் முனை அதில் ஒரு சோடிதான். மாற்று ஊசி என்பது ஒருவர் பல வேலை செய்வதற்கு. பலர் ஒரே வேலை செய்வதற்கு நேர் ஊசியே வழி.

ஆகவே இப்படி முடித்தோம். 2.75 முதல் 5 மில்லிமீற்றர் வரை ஏழு சோடி எஃகு முனைகள் கொண்ட முனை மாற்றும் பெட்டிகள் இரண்டு. கற்றுத் தேர்ந்த பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கும் ஆசிரியைக்கும் அவை. கேபிளின் நுனியை அடைக்கும் மூடிகளும் கூடுதலாக வாங்கினோம். முனையைக் கழற்றி மூடியைப் பூட்டினால் பாதி வேலை கேபிளிலேயே பத்திரமாய் இருக்கும். அந்த முனையை அடுத்தவள் எடுத்துக்கொள்ளலாம். புதிதாய்க் கற்போருக்கு 4 மில்லிமீற்றரில் முப்பது சோடி நேர் ஊசி, 3.25 இல் பதினைந்து சோடி. இந்த நாற்பத்தைந்து சோடிகளை எங்கே வாங்குவது என்று கூட்டத்தில் எவரும் விவாதிக்கவில்லை. குன்னூரிலும் கோத்தகிரியிலும் இருக்கும் எம் தோழியருக்கு எழுதினோம். பணம் எவ்வளவு என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. பார்சல்தான் வந்தது.

பெண்பிள்ளைக்குத் தையல் தெரிந்தால் போதும் என்று சொல்லி அறிவியலை மறுத்த காலம் ஒன்று இருந்தது. அந்த எண்ணத்தை நாங்கள் திரும்பக் கொண்டுவரவில்லை. கணினியும் வேண்டும், ஆய்வுகூடமும் வேண்டும். அவற்றைத் தர மற்றத் தொகுதியினர் முன்வந்துள்ளனர். ஆனால் குளிரில் பிறக்கும் பிள்ளைக்குத் தொப்பி ஒன்றை எவராவது பின்னத்தான் வேண்டும். அதை எம் தங்கச்சிமார் பின்னுவார்கள் என்று நம்புகிறோம்.

பெட்டியின் உள்மூடியில் இலக்கமும் மில்லிமீற்றரும் ஒட்டியிருக்கிறோம். அதன் கீழே, வரவு இடாப்பில் சிவப்புக் கோடு விழுந்த எம் தோழியரின் பெயர்களை ஆண்டு வரிசையில் எழுதியிருக்கிறோம். பட்டியல் முற்றுப்பெறவில்லை. இதை வாசிக்கும் பழைய மாணவியர் தங்கள் நினைவிலுள்ள பெயர்களைச் சங்கச் செயலாளருக்கு எழுதி அனுப்பும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம். சோடி சேராத அந்தப் பதினொரு ஊசிகளையும் எறியவில்லை. அவற்றுக்கென்று அலுமாரியின் மேல்தட்டில் ஒரு டப்பா வைத்திருக்கிறோம். யாரிடமாவது மற்ற ஊசி இருந்தால் கொண்டு வாருங்கள்.

கல்லூரி அன்னை வாழ்க!

— ஹேவாஹெட்டப் பகுதிப் பழைய மாணவியர்